டிசம்பர் 25-க்கு முன்னும் பின்னும்: திருச்சபை ஆண்டில் கிறிஸ்து பிறப்பு விழா

கிறிஸ்தவத் திருச்சபைக்கு ஜனவரி 1 ஆண்டின் முதல் நாள் அல்ல. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணி, அவற்றில் முதலாவது ஞாயிறன்று, அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும் ஞாயிறன்று, கத்தோலிக்கரும் ஆங்கிலிக்க, லுத்தரன் மரபினரும் தங்கள் வழிபாட்டு ஆண்டைத் தொடங்குகிறார்கள். டிசம்பர் 25 என்ற ஒற்றைத் தேதியை மட்டும் பார்ப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டமாகவே தெரியும். அதை அந்த ஆண்டின் அமைப்புக்குள் வைத்துப் பார்த்தால்தான், அந்நாளுக்கு முன்னால் ஏன் ஊதா நிறம், மறுநாளே ஏன் ஒரு கொலைச் செய்தி, அன்றைய வழிபாட்டில் ஏன் ஓரிடத்தில் எல்லாரும் முழந்தாளிடுகிறார்கள் என்பவை விளங்கும். இக்கட்டுரை பெரும்பாலும் உரோமைக் கத்தோலிக்க வழிபாட்டு முறையைக் கொண்டே இதை விளக்குகிறது. மற்றச் சபைகள் வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே சுட்டப்படும்.

திருவழிபாட்டு ஆண்டு இரண்டு பெருவிழாக்களைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஒன்று இயேசுவின் உயிர்ப்பு, மற்றொன்று அவருடைய பிறப்பு. ஊர் முழுதும் விளக்கேற்றி ஆரவாரமாகக் கொண்டாடப்படுவதால் பிறப்பு விழாவே கிறிஸ்தவர்களின் தலையாய திருநாள் என்று பிற சமயத்தவர் மட்டுமல்லாமல், கிறிஸ்தவர்களிலேயே பலரும் எண்ணுகிறார்கள். திருச்சபையின் கணக்கு வேறு. உயிர்ப்பு விழாதான் காலத்தால் மூத்தது, தகுதியால் பெரியது. அதற்கு முன் நாற்பது நாள் தவக்காலமும் பின் ஐம்பது நாள் பாஸ்கா காலமும் உண்டு. போதாக்குறைக்கு ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறும் அந்த உயிர்ப்பின் நினைவு நாள்தான். பிறப்பு விழாவோ இயேசுவுக்குப் பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்தே நாட்காட்டியில் இடம்பிடித்தது. தொடக்க காலக் கிறிஸ்தவர்களுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதில் நாட்டமிருக்கவில்லை; நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்ட மறைச்சாட்சிகள் உயிர்விட்ட நாளையே அவர்கள் போற்றினார்கள். மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளரான ஓரிஜன், விவிலியத்தில் தம் பிறந்தநாளைக் கொண்டாடியவர்கள் பார்வோன், ஏரோது போன்ற பாவிகளே என்று சற்றுக் காட்டமாகவே சொல்லியிருக்கிறார்.

அப்படியிருந்தும் திருச்சபை இவ்விழாவை ஏற்றது என்றால், அது கொண்டாட விரும்பியது என்ன என்ற கேள்வி எழுகிறது. நான்கு நற்செய்திகளில் மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே இயேசுவின் பிறப்பைக் கதையாகச் சொல்கின்றன. அகுஸ்து சீசரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பயணம், விடுதியில் இடமின்மை, தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தை, வயல்வெளியில் கிடை காத்த இடையர்கள் ஆகியவை லூக்கா தருபவை. யோசேப்பின் கனவு, விண்மீனைக் கண்டு கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், ஏரோதின் சூழ்ச்சி, எகிப்துக்குத் தப்பியோடுதல் ஆகியவை மத்தேயு தருபவை. நாம் குடிலில் காண்பது இவ்விரண்டையும் ஒன்றாக்கிய காட்சி. அதில் தவறாமல் இடம்பெறும் காளையும் கழுதையும் இரு நற்செய்திகளிலும் இல்லை. காளை தன் உடைமையாளனையும் கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியையும் அறியும் என்று தொடங்கும் எசாயா முதல் அதிகாரத்தின் வசனத்திலிருந்து அவை குடிலுக்குள் வந்து சேர்ந்தன.

மாற்கு நற்செய்தி பிறப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. யோவான் நற்செய்தியோ மாட்டுக் கொட்டிலையும் இடையரையும் விட்டுவிட்டு, தொடக்கத்திலேயே கடவுளோடு இருந்த வாக்கு மனிதர் ஆகி நம்மிடையே குடிகொண்டார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. திருச்சபை கொண்டாடுவது இந்த வரியைத்தான். இதற்கு இறையியலில் மனித உடலேற்பு என்று பெயர். இயேசு கடவுளால் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே இயல்பு உடையவர் என்று 325-இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நிசேயாப் பொதுச்சங்கமும், அவர் முழுமையான கடவுள், முழுமையான மனிதர், இரண்டு இயல்புகளும் ஒரே ஆளில் கலப்பின்றியும் பிரிவின்றியும் உள்ளன என்று 451-இல் கால்செதோன் பொதுச்சங்கமும் அறுதியிட்டன. பிறப்பு விழா பரவிய காலமும் இந்தச் சர்ச்சைகள் கொழுந்துவிட்டு எரிந்த காலமும் ஒன்றே. குழந்தையின் முன் மண்டியிடுவது, அந்தச் சர்ச்சையில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று எழுத்தறியாதவரும் அறிவிக்கக்கூடிய வழியாக இருந்தது என்று கொள்வது பொருத்தமே.

தேதி எப்படி வந்தது

நற்செய்திகள் நாளையும் சொல்லவில்லை, மாதத்தையும் சொல்லவில்லை. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட், சிலர் மே மாதத்தில் ஒரு தேதியைக் கணக்கிட்டிருந்ததைக் குறிப்பிடுகிறார். அவருடைய பட்டியலில் டிசம்பர் 25 இல்லை. அந்தத் தேதிக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய உறுதியான சான்று, உரோமையில் 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி. அதிலுள்ள மறைச்சாட்சிகள் பட்டியல், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று டிசம்பர் 25-ஐக் குறிக்கிறது. அந்தப் பட்டியல் 336-ஐச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. கிழக்கே இது பரவச் சிறிது காலம் ஆனது. 386-இல் அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய யோவான் கிறிசோஸ்தோம், இந்நாள் தம் ஊர் மக்களுக்கு அறிமுகமாகிப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை என்கிறார்.

ஏன் அந்த நாள் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் நிலவுகின்றன. முதலாவது, பேரரசன் அவுரேலியன் 274-இல் உரோமையில் கோயில் எழுப்பிச் சிறப்பித்த வெல்லற்கரிய ஞாயிறு என்னும் கதிரவக் கடவுளின் விழாவைக் கிறிஸ்தவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது. இரண்டாவது, இயேசு இறந்தது மார்ச் 25 என்று தெர்த்துல்லியன் போன்றோர் கணித்திருந்த நிலையில், பெரியோர் கருவான நாளிலேயே இறப்பர் என்ற நம்பிக்கையின்படி அதே நாளைக் கருவுற்ற நாளாகவும் கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது. முதல் விளக்கம் இணையத்தில் ஐயத்துக்கு இடமற்ற உண்மை போல உலவுகிறது; ஆனால் கதிரவன் விழாவுக்கு டிசம்பர் 25 என்ற தேதியைத் தரும் பழைய சான்றும் அதே 354 தொகுப்புதான் என்பதால், எது எதிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல இயலாது. குளிர்காலத்தில் பகல் குறைந்து மீண்டும் வளரத் தொடங்கும் பருவத்தில் ஒளியின் விழா பொருந்தி அமைந்ததை அக்காலத்துக் கிறிஸ்தவர்களே தம் மறையுரைகளில் விரும்பிப் பேசினார்கள்.

இந்த ஒரு தேதி நிலைபெற்றதும் அதைப் பற்றிக்கொண்டு மற்றத் தேதிகளும் ஆண்டில் அமைந்தன. ஒன்பது மாதம் முன்னே மார்ச் 25-இல் வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன பெருவிழா வருகிறது. அப்போது திருமுழுக்கு யோவானைக் கருவுற்றிருந்த எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்று லூக்கா சொல்வதால், யோவானின் பிறப்பு ஜூன் 24-இல் வைக்கப்பட்டது. பிறப்புக்கு எட்டாம் நாள் ஜனவரி 1, நாற்பதாம் நாள் பிப்ரவரி 2. உயிர்ப்பு விழா நிலவைப் பார்த்து ஆண்டுதோறும் நகர்கிறது. பிறப்பு விழாவைச் சார்ந்த இந்த நாள்களோ கதிரவ ஆண்டில் அசையாமல் நிற்கின்றன.

காத்திருக்கும் வாரங்கள்

பிறப்பு விழாவுக்கு முந்தைய காலத்தைக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பர்; சீர்திருத்த சபையினர் பலர் அட்வென்ட் என்றே சொல்வர். இதன் நீளம் ஆண்டுக்கு ஆண்டு 22 முதல் 28 நாள்வரை மாறும். 2023-இல் டிசம்பர் 25 திங்கட்கிழமையாக அமைந்ததால், நான்காம் வாரம் என்பது ஞாயிறு காலை தொடங்கி அன்று மாலையே முடிந்துவிட்டது. ஒரே நாளில் காலையில் ஊதா உடையும் இரவில் வெள்ளை உடையுமாகப் பீடத்தை இருமுறை அலங்கரிக்க வேண்டியிருந்தது.

இக்காலத்தின் முதல் பகுதி பலருக்கு வியப்பளிக்கும். முதல் ஞாயிறன்று ஆலயத்தில் வாசிக்கப்படும் நற்செய்தி பெத்லகேமைப் பற்றியதே அல்ல. உலக முடிவில் கிறிஸ்து மீண்டும் வருவதைப் பற்றியது. விழிப்பாயிருங்கள் என்பதே அதன் செய்தி. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் பாலைநிலத்தில் முழங்கிய திருமுழுக்கு யோவான் முன்னிற்கிறார். டிசம்பர் 17-க்குப் பிறகுதான் வாசகங்கள் முழுமையாகப் பிறப்பை நோக்கித் திரும்புகின்றன. நான்காம் ஞாயிறு யோசேப்பையோ மரியாவையோ நம் முன் நிறுத்துகிறது. 17 முதல் 23 வரையிலான ஏழு மாலைகளிலும் மாலை வழிபாட்டில் மரியாவின் பாடலுக்கு முன்மொழியாக, அதாவது அதற்கு முன் பாடும் சிறு வரியாக, வரவிருப்பவரை ஒவ்வொரு நாளும் ஒரு பெயரால் அழைக்கும் பழமையான விளிகள் பாடப்படுகின்றன: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதய ஒளியே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. எல்லாமே பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்த பெயர்கள். எல்லாமே வாரும் என்ற வேண்டுதலோடு முடிபவை.

திருவருகைக் காலத்தின் நிறம் ஊதா. அது தவக்காலத்தின் நிறமும்கூட; ஆனால் இது துயரத்தின் காலம் அல்ல, அடக்கத்தின் காலம். பீடத்தில் மலர் அலங்காரம் குறைக்கப்படும், வானவர் கீதம் பாடப்படாது. மூன்றாம் ஞாயிறன்று மட்டும், விழா நெருங்கிவிட்டதன் அடையாளமாகக் குருவானவர் இளஞ்சிவப்புத் திருவுடை அணியலாம். நான்கு மெழுகுதிரிகள் கொண்ட பசுமை வளையம் இக்காலத்துக்கே உரியது. வாரம் ஒன்றாகத் திரி ஏற்றப்படும். மிகப் பழையதாகத் தோன்றினாலும் இவ்வழக்கத்துக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விகேர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகளும் வார நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளும் வைத்து ஏற்றினார். அது பின்னர் கத்தோலிக்க ஆலயங்களுக்கும் வந்தது.

கிழக்குத் திருச்சபைகளில் இது நோன்புக் காலம். பைசாந்திய மரபினர் நவம்பர் 15 முதல் நாற்பது நாள் நோன்பிருக்கிறார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நாள் புலால் தவிர்க்கின்றன. நம் ஊர்களில் இதே வாரங்களில்தான் கேரல் குழுக்கள் டிரம்மும் கீபோர்டுமாக இரவுதோறும் தெருத்தெருவாகச் செல்கின்றன, அலுவலகங்களில் கேக் வெட்டப்படுகிறது, 25-ஆம் தேதி மாலைக்குள் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. வழிபாட்டு நாட்காட்டியின்படி பார்த்தால் இது தலைகீழ்: காத்திருக்க வேண்டிய நேரத்தில் கொண்டாடிவிட்டு, கொண்டாட வேண்டிய நேரத்தில் நட்சத்திரத்தைக் கழற்றி வைக்கிறோம். வீடுவீடாகச் செல்லும் அந்தப் பாடல் பவனியின் மகிழ்ச்சியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது 26-க்குப் பிறகும் நடக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

அந்த இரவு

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒன்றல்ல, நான்கு திருப்பலிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன: 24 மாலையில் திருவிழிப்பு, நள்ளிரவு, விடியற்காலை, பகல். ஒரே நாளில் மூன்று முறை திருப்பலி நிறைவேற்றுவதை ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த திருத்தந்தை பெரிய கிரகோரியே தம் மறையுரையில் குறிப்பிடுகிறார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசகங்கள் உண்டு. திருவிழிப்பில் மத்தேயுவின் முதல் அதிகாரம். ஆபிரகாம் தொடங்கி இயேசுவரை மும்முறை பதினான்கு தலைமுறைகளை அடுக்கும் அந்தப் பட்டியலில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று எதிர்பாராத பெண்களும் இடம்பெறுகிறார்கள். பெயர்களைத் தடுமாறாமல் வாசித்து முடிப்பது குருவானவருக்கு ஒரு சோதனை. நள்ளிரவில் லூக்கா சொல்லும் பிறப்பு நிகழ்ச்சி, விடியலில் இடையர்கள் குழந்தையைக் காண வரும் பகுதி, பகலில் யோவானின் முதல் அதிகாரம். அதாவது, இரவில் கொட்டிலில் தொடங்கும் வழிபாடு, பகலுக்குள் அண்டத்தின் தொடக்கத்துக்கே சென்றுவிடுகிறது. நள்ளிரவுக்கு மட்டும் செல்பவர்கள் இந்தப் பயணத்தில் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பேன்.

நள்ளிரவுத் திருப்பலியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தொடங்குவதற்கு முன் கிறிஸ்து பிறப்பு அறிவிப்பு என்னும் பழமையான உரை பாடப்படலாம். அதில் இயேசு பிறந்த ஆண்டு, அக்கால உலகம் பயன்படுத்திய கணக்குகள் ஒவ்வொன்றாலும் குறிக்கப்படுகிறது: உரோமை நகர் நிறுவப்பட்டதிலிருந்து 752-ஆம் ஆண்டு, கிரேக்கரின் ஒலிம்பிக் போட்டிகளை வைத்த நான்காண்டுக் கணக்கில் 194-ஆம் ஒலிம்பியாது, அகுஸ்து சீசரின் ஆட்சியில் 42-ஆம் ஆண்டு. ஒருகாலத்தில் ஓரூரில் நடந்த கதையாக இதைக் கேட்காதீர்கள், வரலாற்றில் தேதியிட்டு நடந்தது என்று கேளுங்கள் என்பது அதன் உட்கருத்து. (தேதி முழுத் துல்லியமானது அல்ல என்பதும் உண்மை. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலோர் முடிவு. ஆகவே இயேசு பிறந்தது அதற்குச் சற்று முன்னர்தான் இருக்க வேண்டும். கிறிஸ்து ஆண்டுக் கணக்கை 525-இல் வகுத்த துறவி டயோனிசியுஸ் சில ஆண்டுகள் பிசகிவிட்டார்.)

அடுத்து வானவர் கீதம். திருவருகைக் காலம் முழுதும் ஞாயிறுகளில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அந்தப் பாடல், இடையர்களுக்கு வானதூதர் பாடிய வரிகளில் தொடங்குவது. அதை எடுத்ததும் ஆலய மணிகளும் பீடத்து மணிகளும் ஒருசேர ஒலிக்கின்றன. நம் பங்குகள் பலவற்றில் குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் குருவானவர் பவனியாக ஏந்திச் சென்று, அதுவரை வெறுமையாக இருந்த தீவனத் தொட்டியில் கிடத்தித் தூபம் காட்டுவது வழக்கம்.

கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய ஒரு செய்கை இதற்குப் பிறகு வருகிறது. ஞாயிறுதோறும் சொல்லப்படும் நம்பிக்கை அறிக்கையில், அவர் தூய ஆவியால் கன்னி மரியாவிடம் உடல் எடுத்து மனிதரானார் என்னும் இடத்தில் எல்லாரும் தலை தாழ்த்துவார்கள். ஆண்டில் இரண்டு நாள்களில் மட்டும் தலை தாழ்த்துவது போதாது; முழந்தாளிட வேண்டும். ஒன்று டிசம்பர் 25, மற்றொன்று மார்ச் 25. கருவான நாளும் பிறந்த நாளும் ஒரே மறைபொருளின் இரு முனைகள் என்பதை நூல் எதுவும் படிக்காமலே முழங்கால்கள் அறிந்துகொள்கின்றன. கூட்ட நெரிசலில் அந்த ஒரு வரிக்குள் முழந்தாளிட்டு எழுவது எளிதல்ல. பாதிப்பேர் மண்டியிடும்போதே அடுத்த வரி வந்துவிடும்.

தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்கள் பலவற்றில் நள்ளிரவைவிட 25-ஆம் தேதி விடியற்காலை ஆராதனையே முதன்மையானது. திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் இருள் பிரியுமுன்னே புத்தாடை உடுத்திக் குடும்பம் குடும்பமாகக் கோயிலுக்குச் செல்வார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் நகர ஆலயங்களில் ஒன்பது விவிலிய வாசகங்களுக்கு இடையே பாடல்கள் பாடும் ஆராதனை நடக்கும். இது இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் 1880-இல் உருவாகி, 1918-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்துக்குச் சென்று, அங்கிருந்து உலகெங்கும் பரவிய முறை.

பிறகு வரும் நாள்கள்

பொங்கலைப் போகியும் மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் இல்லாமல் ஒரே நாளாகச் சுருக்கினால் எப்படி இருக்குமோ, டிசம்பர் 25-ஐ மட்டும் கிறிஸ்துமஸ் என்பதும் அப்படித்தான். பெருவிழாவோடு எட்டு நாள்கள் ஒரே திருநாளாகக் கருதப்படுகின்றன. ஆனால் அந்த எட்டு நாள்களின் உள்ளடக்கம் இனிப்பானது அல்ல. டிசம்பர் 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைச்சாட்சி ஸ்தேவானின் விழா. நேற்று வெள்ளை உடுத்திய குரு இன்று குருதியின் நிறமான சிவப்பு உடுத்துகிறார். 27 திருத்தூதர் யோவான். 28 மாசில்லாக் குழந்தைகள் விழா. பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளை ஏரோது கொன்றதாக மத்தேயு சொல்லும் நிகழ்ச்சியின் நினைவு. மீண்டும் சிவப்பு. பால்மணம் மாறாத குழந்தையின் விழாவை அடுத்தே குழந்தைக் கொலையை நினைவுகூரும் இந்த ஏற்பாடு, தொட்டிலையும் சிலுவையையும் பிரித்துப் பார்க்க விடாத ஏற்பாடு. ஞானிகள் கொணர்ந்த வெள்ளைப்போளம் பிணத்தை அடக்கம் செய்யப் பயன்பட்ட பொருள் என்று பழைய உரையாசிரியர்கள் விளக்கியதும் இதே நோக்கில்தான்.

எட்டு நாளுக்குள் வரும் ஞாயிறு திருக்குடும்ப விழா. எட்டாம் நாளான ஜனவரி 1, குழந்தைக்கு விருத்தசேதனம் செய்து இயேசு என்று பெயரிட்ட நாள். கத்தோலிக்கர் அன்று மரியா இறைவனின் தாய் என்னும் பெருவிழாவைக் கொண்டாடுகிறார்கள், ஆங்கிலிக்கர் பெயரிட்டதையே நினைவுகூர்கிறார்கள். நம் நாட்டில் டிசம்பர் 31 நள்ளிரவில் ஆலயங்கள் நிரம்பி வழிவது பெரும்பாலும் புத்தாண்டுக்காகவே.

ஜனவரி 6 ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. பல நாடுகளில் இது அருகிலுள்ள ஞாயிறுக்கு மாற்றப்படுகிறது. நம் மக்கள் மூன்று இராஜாக்கள் திருநாள் என்பர். மத்தேயு அவர்களை அரசர்கள் என்றும் சொல்லவில்லை, மூவர் என்றும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆளும் மூவராயினர், பின்னர் கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று பெயரும் பெற்றனர். பிற இனத்தார் முதன்முதலாகக் கிறிஸ்துவைக் கண்டுகொண்ட நாள் என்பதே இவ்விழாவின் பொருள். கிழக்கே டிசம்பர் 25 பரவுவதற்கு முன்பே ஜனவரி 6 பெருவிழாவாக இருந்தது. அங்கே அது முதன்மையாக யோர்தான் ஆற்றில் இயேசு பெற்ற திருமுழுக்கின் விழா. உரோமை மரபிலும் திருக்காட்சிக்குப் பின் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் கிறிஸ்து பிறப்புக் காலம் முடிகிறது. பிறகு பொதுக்காலம், பச்சை உடை. குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக்கிய பிப்ரவரி 2 மட்டும் மெழுகுதிரிப் பவனியோடு பின்தங்கி வருகிறது.

குடில், மரம், நட்சத்திரம்

விழாவின் வெளி அடையாளங்களில் வழிபாட்டோடு மிக நெருக்கமானது குடில். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்னும் மலையூரில் அசிசி பிரான்சிஸ், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியும் உயிருள்ள காளையும் கழுதையும் கொண்டுவரச் செய்து, அங்கேயே நள்ளிரவுத் திருப்பலி நடக்க ஏற்பாடு செய்தார். அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா தரும் செய்தியின்படி, குழந்தை பிறந்த வறுமையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். பிரான்சிஸ்கன் சபையினர் சென்ற இடமெல்லாம் குடில் சென்றது. குடிலின் பசுமைக்காகக் கேழ்வரகையோ நெல்லையோ சிறு தட்டுகளில் முன்கூட்டியே விதைத்து முளைவிடச் செய்யும் வழக்கம் நம் பக்கத்திலும் கோவாவிலும் உண்டு. முறையறிந்தவர்கள் 24 இரவுவரை குழந்தையை வைக்கமாட்டார்கள். ஞானிகளின் உருவங்களையும் தொலைவில் நிறுத்தித் திருக்காட்சி நாளன்றுதான் குடிலுக்குள் சேர்ப்பார்கள்.

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானிய மொழி பேசும் பகுதிகளில் பதினாறாம் நூற்றாண்டில் வேரூன்றியது; விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848-இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்த பிறகு ஆங்கிலேய வீடுகளுக்கும், ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கும் பரவியது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பின்னால் இருப்பவர் நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மீரா நகரின் ஆயராக (பிஷப்பாக) இருந்த புனித நிக்கொலா. அவருடைய திருநாள் டிசம்பர் 6. வழிபாட்டு நாட்காட்டியில் அவருக்கும் 25-க்கும் தொடர்பில்லை. மூங்கில் சிம்பில் வண்ணத்தாள் ஒட்டி வாசலில் கட்டும் நட்சத்திரத்துக்கு நற்செய்தியிலேயே இடமிருக்கிறது. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கலகலா, கேக் ஆகியவற்றைத் தட்டில் வைத்துத் துணி மூடி அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புவதற்குத் திருவழிபாட்டு விதி எதுவும் இல்லை. ஆனால் அது இல்லாமல் நம் ஊர்களில் திருநாள் நிறைவதும் இல்லை.

எல்லாரும் கொண்டாடுவதில்லை

விவிலியத்தில் கட்டளையிடப்படாததை விழாவாக்கக் கூடாது என்ற அடிப்படையில் இவ்விழாவை மறுத்த கிறிஸ்தவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பியூரிட்டன்கள் எனப்படும் தூய்மைவாதிகள் ஓங்கிய இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸை ஒழித்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடுவது தண்டனைக்குரிய குற்றம். ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958-இல்தான். இன்று நம்மிடையேயும் சில பெந்தெகொஸ்தே சபைகள் இதைக் கொண்டாடுவதில்லை.

கொண்டாடுபவர்களும் ஒரே நாளில் கொண்டாடுவதில்லை. 1582-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது அதை ஏற்காத கிழக்குத் திருச்சபைகளில் உருசியர், செர்பியர், ஜார்ஜியர் முதலியோர் பழைய யூலியன் கணக்கின்படி டிசம்பர் 25-ஐயே கடைப்பிடிக்கிறார்கள். அது நம் நாட்காட்டியில் ஜனவரி 7-ஆக வருகிறது. ஆர்மீனியர் பிறப்பையும் திருமுழுக்கையும் பழைய முறைப்படி ஒன்றாக ஜனவரி 6-இல் கொண்டாடுகிறார்கள். பெத்லகேமில், நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் கட்டப்பட்டு ஆறாம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்ட பிறப்புப் பேராலயத்தில் இலத்தீன் (உரோமைக் கத்தோலிக்க), கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனிய மரபினர் மூவருக்கும் உரிமை உண்டு. ஆகவே அங்கே ஒரே குளிர்காலத்தில் மூன்று கிறிஸ்துமஸ் நடைபெறுகிறது: டிசம்பர் 24 இரவு பேராலயத்தை ஒட்டிய புனித கத்தரீன் ஆலயத்தில் இலத்தீன் மரபினருக்கு, ஜனவரி 7 கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மரபினருக்கு, எருசலேம் ஆர்மீனியர் இன்னும் யூலியன் கணக்கையே பின்பற்றுவதால் ஜனவரி 19 அவர்களுக்கு. இரு நாட்காட்டிகளுக்கும் இடையிலான இடைவெளி 2100-இல் மேலும் ஒரு நாள் கூடுகிறது. பழைய கணக்கை விடாதவர்களுக்கு 2101-இல் கிறிஸ்துமஸ் ஜனவரி 8-இல் வரும்.